தகாத பேரம்: யோசித்துப் பார்த்தாலே ஏன் கறை படிகிறது?

பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் பெரும் கோடீஸ்வரர். மற்ற இருவரும் கணவன் மனைவி. கடன் வாங்கி வந்த பணத்தை லாஸ் வேகாஸ் சூதாட்ட மேசையில் முதல் நாள் பெருக்கி, மறுநாள் மொத்தமாகத் தொலைத்தவர்கள். பேச்சு பணத்தின் பக்கம் திரும்புகிறது. மனிதர்களை விலைக்கு வாங்க முடியாது என்கிறாள் மனைவி. அதைச் சோதித்துப் பார்க்கலாமே என்கிறார் கோடீஸ்வரர். மனைவியுடன் ஓர் இரவு, அதற்குப் பத்து லட்சம் டாலர். போய்த் தொலையுங்கள் என்கிறான் கணவன். அவருக்குக் கோபம் வரவில்லை. உடனே பதில் சொல்ல வேண்டாம், யோசித்துப் பாருங்கள் என்கிறார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காட்சி 1993 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியான 'இன்டீசன்ட் ப்ரொபோசல்' படத்தில் வருகிறது. ஏட்ரியன் லைன் இயக்கியது. கோடீஸ்வரர் ஜான் கேஜாக ராபர்ட் ரெட்ஃபோர்டும், டயானாவாக டெமி மூரும், அவள் கணவன் டேவிட்டாக வுடி ஹாரல்சனும் நடித்தார்கள். உலகம் முழுவதும் 26 கோடி டாலருக்கு மேல் வசூல். அதே கையோடு, அந்த ஆண்டின் மிக மோசமான படத்துக்கான கோல்டன் ராஸ்பெரி விருதும் கிடைத்தது. இரண்டுமே நியாயம் என்றுதான் சொல்வேன். கேள்வி அபாரமானது, படம் அந்தக் கேள்வியின் உயரத்துக்கு வளரவில்லை. படத்தைப் பார்க்காதவர்கள்கூட 'நீ என்ன சொல்லியிருப்பாய்?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கேள்வி ஏன் அப்படி உறுத்துகிறது என்பதை விளக்க உளவியலில் ஒரு கருத்து உண்டு. ஆங்கிலத்தில் 'டபூ டிரேட்-ஆஃப்' என்பார்கள். தமிழில் 'தகாத பேரம்' என்று வைத்துக்கொள்வோம். மானிடவியலாளர் ஆலன் ஃபிஸ்கேவும் உளவியலாளர் ஃபிலிப் டெட்லாக்கும் 1997இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இது பரவலாகப் பேசப்படுகிறது.

எதையாவது பெற எதையாவது விட்டுக்கொடுப்பது அன்றாட வாழ்க்கை. அவற்றில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கலாம். பழைய பைக்கை விற்றுப் புதியது வாங்கலாமா என்பது சாதாரணக் கணக்கு. இரண்டு பக்கமும் காசு பெறும் பொருள்கள். எவ்வளவு நேரம் யோசித்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வெள்ளத்தில் இரண்டு குழந்தைகள் தத்தளிக்கின்றன, ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்பது துயரக் கணக்கு. இரண்டு பக்கமும் விலை சொல்ல முடியாதவை. மூன்றாவது வகையில் ஒரு தட்டில் விலை சொல்லக் கூடாத ஒன்றும் மறு தட்டில் பணமும் இருக்கும். குழந்தைக்கும் காருக்கும், நட்புக்கும் கமிஷனுக்கும், தாம்பத்தியத்துக்கும் பத்து லட்சம் டாலருக்கும் நடுவே தராசு பிடிப்பது. இதுதான் தகாத பேரம்.

நல்லவர்கள் மறுப்பார்கள், மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று இதை ஒழுக்கப் பாடமாக முடித்துவிடலாம். டெட்லாக்கும் சக ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டியது.

அதில் பங்கேற்றவர்களுக்கு ஒரு கற்பனைக் கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். ராபர்ட் ஒரு மருத்துவமனை நிர்வாகி. ஜானி என்ற ஐந்து வயதுச் சிறுவனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். செலவு பத்து லட்சம் டாலர். ஆம், இங்கும் அதே தொகைதான். அந்தப் பணத்தை மிச்சப்படுத்தினால் மருத்துவமனைக்கு நல்ல கருவிகள் வாங்கலாம், திறமையான மருத்துவர்களைக் கூடுதல் சம்பளத்தில் சேர்க்கலாம். ராபர்ட் என்ன முடிவெடுத்தார் என்பதோடு, எப்படி எடுத்தார் என்பதையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒரு கதையில் அவர் சட்டென்று சிறுவனைத் தேர்ந்தெடுக்கிறார். இன்னொன்றில் நெடுநேரம் குழம்பி, கடைசியில் அதே சிறுவனைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

இரண்டு கதைகளிலும் ஜானி பிழைத்துவிடுகிறான். படித்தவர்கள் இரண்டு ராபர்ட்டுகளையும் ஒன்றுபோல மதித்தார்களா என்றால், இல்லை. உடனே முடிவெடுத்தவரைப் பாராட்டினார்கள். நெடுநேரம் யோசித்தவர் சரியான பக்கமே வந்து சேர்ந்தும் அவர் மீது சந்தேகம் படிந்தது. இதிலே யோசிக்க என்ன இருந்தது என்ற சந்தேகம்.

கதையைத் துயரக் கணக்காக மாற்றியபோது, அதாவது ஜானிக்கு எதிரே பணத்துக்குப் பதிலாக இன்னொரு நோயாளிச் சிறுவனை நிறுத்தியபோது, தீர்ப்பு தலைகீழானது. நேரம் எடுத்து வருந்தி யோசித்தவரே உயர்ந்தவராகத் தெரிந்தார். சட்டென்று முடிவெடுத்தவர் கல்நெஞ்சக்காரர் ஆனார். அதே தயக்கம் ஓரிடத்தில் பெருமை, இன்னோரிடத்தில் கறை.

இப்போது பில்லியர்ட்ஸ் மேசைக்குத் திரும்புவோம். டேவிட்டின் முதல் பதில் எந்தக் கணக்கும் போடாமல் வந்தது. அது உதட்டில் வரும் பழக்கத்துப் பதில், உண்மையிலேயே பணம் வரும் என்று வைத்து யோசியுங்கள் என்கிறார் கேஜ். வந்தவர் வியாபாரி அல்லவா? ஆம் என்ற பதிலை அவர் அப்போது கேட்கவில்லை; இல்லை என்ற பதிலைத் தள்ளிப்போடச் சொல்கிறார், அவ்வளவுதான். அன்றிரவு படுக்கையில் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. ஒருவர் மனதில் ஓடுவது மற்றவருக்குத் தெரிகிறது. உடம்புதானே, மனம் இல்லையே என்ற வாதம் எழுகிறது. உனக்காகத்தான், நம் வீட்டுக்காகத்தான் என்ற பேச்சு வருகிறது. என் கணக்கில் அந்தத் திருமணம் உடைந்தது அந்த அறையில்தான். இருவரும் சம்மதித்தபின் டயானாவைக் கேஜிடம் கொண்டுபோகும் ஹெலிகாப்டர், படகு எல்லாம் பின்குறிப்பு.

பிறகு டேவிட்டைத் தின்பது வெறும் பொறாமை என்று படம் காட்டுகிறது. அவரைப் பார்க்கிறாயா, பேசுகிறாயா என்று துருவித் துருவிக் கேட்கிறான். எனக்குப் படுவது வேறு. இருவரில் யார் முதலில் யோசித்தது? யார் யாரைப் போகவிட்டது? ஒவ்வொருவரும் மற்றவர் 'முடியவே முடியாது' என்று சொல்வார் எனக் காத்திருந்தார்கள். இருவரும் சொல்லவில்லை. ஒருவரின் மௌனத்துக்கு மற்றவர் சாட்சி. அதை மறப்பது கடினம்.

விலை என்ற சொல் சில இடங்களில் இயல்பாகவும் சில இடங்களில் அசிங்கமாகவும் ஒலிப்பது ஏன்? மனித உறவுகள் நான்கு வகைக் கணக்குகளில் ஓடுகின்றன என்பது ஃபிஸ்கேயின் விளக்கம். வீட்டில் யார் எத்தனை இட்லி சாப்பிட்டார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை, அது பகிர்வு. அலுவலகத்தில் மேலாளர் சொல்ல ஊழியர் கேட்பது மேல் கீழ் முறை. மூன்றாவது ஈட்டுக்கு ஈடு. இதற்கு மொய் நோட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. நீங்கள் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எழுதிய தொகையை உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாங்கள் திருப்பி எழுத வேண்டும். ஆனால் மறுநாள் காலையே கொண்டுவந்து நீட்டினால் அது மரியாதைக் குறைவு. நான்காவது சந்தை. பேசி, விலை படிந்து, பணம் கை மாறியதும் உறவு முடிந்தது.

தகாத பேரம் என்பது ஒரு கணக்கில் ஓடும் உறவை இன்னொரு கணக்கு நோட்டில் எழுதுவது. தீபாவளி விருந்து முடிந்ததும் மாமியாரிடம் 'எவ்வளவு ஆயிற்று?' என்று பர்ஸை எடுக்கும் மருமகனை நினைத்துப் பாருங்கள். தொகை தாராளமாக இருக்கலாம். அதற்காக அவமானம் குறைந்துவிடாது, கூடத்தான் செய்யும்.

எழுதியதை அழித்துவிட்டுப் பழைய நோட்டுக்குத் திரும்ப முடியுமா? இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு சோதனை இதற்குத் துப்புத் தருகிறது. யூரி நீஸி, ஆல்டோ ரஸ்டிகினி என்ற பொருளாதார அறிஞர்கள் அதை 2000இல் வெளியிட்டார்கள். மாலையில் பெற்றோர் சிலர் தாமதமாக வருவார்கள்; ஆசிரியை காத்திருப்பார். பத்துக் காப்பகங்களில் ஆறில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சத்தோடு ஓடிவந்தவர்களுக்கு இப்போது அது காசு கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது. பன்னிரண்டு வாரங்கள் கழித்து அபராதத்தை நீக்கினார்கள். கூச்சம் திரும்பி வரவில்லை. தாமதம் உயர்ந்த இடத்திலேயே நின்றது.

பத்து ஷெக்கலுக்கே இந்தக் கதி.

இந்த ஆபத்தை மனிதர்கள் அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் தகாத பேரங்களை மூடி மறைக்க ஏகப்பட்ட வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். சமூகவியலாளர் கேப்ரியல் ராஸ்மன் 2014இல் இதைப் பற்றியே எழுதினார். பேரத்தைப் பரிசாக மாற்றுவது, இடைத்தரகரை வைப்பது, வேறொரு பொருளோடு சேர்த்துக் கட்டி விற்பது என்று வகைகள் உண்டு. நமக்கு இது புதிதா? சிலப்பதிகாரத்தில் மாதவிக்கு யாரும் விலை சொல்லவில்லை. அவளுடைய மாலைக்குத்தான் விலை, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அதையும் அவள் விற்கவில்லை; ஒரு கூனி நகரத்து இளைஞர் திரியும் தெருவில் நின்று விற்கிறாள். கோவலன் வாங்கியது ஒரு மாலையை! தரகர், சேர்த்துக் கட்டுதல், பொருள் மாற்றம் எல்லாம் அந்த ஒரு காட்சியிலேயே இருக்கின்றன. 1961இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்த பிறகு அந்தச் சொல் மட்டும் பல வீடுகளிலிருந்து வெளியேறி, 'உங்கள் பெண்ணுக்கு நீங்கள் ஆசைப்பட்டுச் செய்வது' என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்ததும் இதே கலைதான்.

கேஜ் இந்த மூடுதிரை எதையும் போடவில்லை. படத்தின் ஆரம்பத்தில் ஒரு துணிக்கடையில் டயானா பார்த்து நிற்கும் உடையை வாங்கித் தர அவர் முன்வருவார். உடை விற்பனைக்கு, நான் இல்லை என்று அவள் அப்போதே கறாராகச் சொல்லிவிடுகிறாள். அந்த உடையைப் பரிசாக நீட்டியது பழைய முறை. பில்லியர்ட்ஸ் மேசையில் அவர் நீட்டியது பச்சையான விலை. அதன்மேல் வக்கீல் வைத்து ஒப்பந்தம் வேறு. தம்பதியின் வக்கீல் நண்பர் அவர்களைத் திட்டுகிறார், ஒப்புக்கொண்டதற்காக அல்ல. தன்னைக் கேட்காமல் பேரம் பேசியதற்காக. தான் இருந்திருந்தால் இருபது லட்சம் வாங்கித் தந்திருப்பாராம். படத்திலேயே நேர்மையான பாத்திரம் அவர்தான் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். நடப்பது சந்தை, சந்தையில் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசுகிறார்.

கேஜ் வேறொரு தந்திரம் செய்கிறார். பணத்தைப் பணமாகக் காட்டாமல் வாழ்நாள் பாதுகாப்பு என்கிறார். இரவு வரும், போகும். பணம் ஆயுள் முழுக்க நிற்கும். டேவிட் கட்டடக் கலைஞன். கடற்கரையோரம் கனவு வீடு ஒன்றைப் பாதி கட்டி, பொருளாதாரச் சரிவில் வேலை போய், நிலமே கைவிட்டுப் போகும் நிலையில் இருப்பவன். அவனுக்குப் பத்து லட்சம் டாலர் என்பது தொகை அல்ல, அந்த வீடு. ஒரு தட்டில் தாம்பத்தியம், மறு தட்டில் தாம்பத்தியத்தின் எதிர்காலம் என்று தராசு மாறியதும் அது துயரக் கணக்குபோல் தோற்றம் கொள்கிறது. துயரக் கணக்கில்தான் யோசிக்கலாமே. யோசிப்பது பெருமையாயிற்றே. நூறு டாலர் என்று கேட்டிருந்தால் அவன் முகத்தில் குத்தியிருப்பான். சிறு தொகை பணமாகவே தெரியும். பெருந்தொகைதான் கனவின் வேடம் போடும்.

சூது, கணவன், மனைவி என்றதும் நமக்குப் பாஞ்சாலி நினைவு வரும். ஒப்பிடுவதில் எனக்கு அரை மனதுதான். தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்பது சபையில் அவள் எழுப்பிய கேள்வி. அது உரிமை வழக்கு. டயானா தானே சம்மதித்துப் போகிறாள். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கேஜ் விலையைச் சொன்னது அவளிடம் அல்ல, அவள் கணவனிடம். அவள் அருகில்தான் நிற்கிறாள்.

பேரத்தில் தொட்ட கையைக் கழுவத் தோன்றும் என்பதையும் டெட்லாக்கின் அதே 2000ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. தகாத பேரக் கதைகளைப் படித்தவர்கள், பிறகு உறுப்பு தானப் பிரசாரத்துக்கு உதவக் கேட்டபோது மற்றவர்களைவிட அதிகம் முன்வந்தார்கள். செய்தது அவர்கள் இல்லை, படித்தது மட்டுமே. படத்தில் டேவிட் இதன் உச்சத்துக்குப் போகிறான். ஒரு நன்கொடை ஏலத்தில், நீர்யானைக்காக, அந்தப் பத்து லட்சம் டாலரையும் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறான். விமர்சகர்கள் சிரித்த காட்சி. எனக்கு அது படத்தின் உண்மையான இடங்களில் ஒன்று. அந்தப் பணத்தில் வீடு கட்ட முடியாது, சேமிக்க முடியாது, சோறு வாங்கிச் சாப்பிடக்கூட முடியாது. நீர்யானைக்குத்தான் கொடுக்க முடியும்.

எது தகாதது என்பது கல்லில் எழுதியது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஆயுள் காப்பீடே தகாத பேரமாகப் பார்க்கப்பட்டது என்று சமூகவியலாளர் விவியானா ஸெலிஸர் விரிவாகக் காட்டியிருக்கிறார். கணவனின் சாவுக்குப் பணமா என்று பெண்கள் முகம் சுளித்தார்கள். இன்று காப்பீடு எடுக்காதவன்தான் பொறுப்பற்றவன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கலாம். திருமணமான சில மாதங்களில் வளைகுடாவுக்கு விமானம் ஏறி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வருகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஓர் இரவு அல்ல, நூற்றுக்கணக்கான இரவுகளை மாதச் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். யாரும் அதைத் தகாத பேரம் என்பதில்லை. சொல்லவும் கூடாது, அங்கே விற்கப்படுவது உழைப்பு. ஆனால் தராசைப் பாருங்கள். ஒரு தட்டில் கூட வாழும் வாழ்க்கை, மறு தட்டில் பணம். 'குடும்பத்துக்காக' என்ற ஒரு சொல் அந்தக் கணக்கைச் சந்தை நோட்டிலிருந்து எடுத்துப் பகிர்வு நோட்டில் எழுதிவிடுகிறது. டேவிட்டும் டயானாவும் அதே சொல்லைத்தான் முயன்று பார்த்தார்கள். அவர்களுக்கு அது செல்லுபடியாகவில்லை. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை எந்த ஆய்வும் முன்கூட்டிச் சொல்லிவிடாது. ஊர் சொல்லும், காலம் சொல்லும்.

படத்தின் மீது எனக்குள்ள பெரிய மனத்தாங்கல், கேஜ் பாத்திரத்துக்கு ரெட்ஃபோர்டைப் போட்டது. அத்தனை அழகான, கனிவான மனிதர் வந்து நின்றதும் கேள்வி பணத்தைப் பற்றியதாக இல்லாமல் போகிறது. பிரிவுக்குப் பிறகு டயானா அவரோடு பழகத் தொடங்கும்போது, பார்ப்பது வழக்கமான முக்கோணக் காதல் கதைதான். கேஜ் அவளை விட்டுவிட முடிவெடுக்கும் காட்சி மட்டும் படத்தைத் திரும்பவும் விலைக்கு இழுத்து வருகிறது. இப்படிப் பத்து லட்சம் கொடுத்து வந்த பெண்களின் வரிசையில் நீயும் ஒருத்தி என்று அவள் காதுபட ஒரு பொய் சொல்கிறார். அவளை அனுப்பிவைக்க அவர் தேர்ந்தெடுத்த ஆயுதம் வசை அல்ல, நிலையான விலைப்பட்டியல்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவியிடம் கேட்டேன், யாராவது அப்படி ஒரு தொகையைச் சொன்னால் என்ன செய்வாய் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதைக் கேட்க எத்தனை நாளாக யோசித்தீர்கள்?" என்றாள். டெட்லாக்கைப் படித்தவள் இல்லை.

இன்னும் ஒரு காட்சி பாக்கி. படகில் கேஜ் டயானாவுக்கு ஒரு வாய்ப்புத் தருகிறார். தன் ராசியான நாணயத்தைச் சுண்டுவார். அவர் தோற்றால் பேரம் ரத்து, அவள் கணவனிடம் போய்விடலாம். முடிவெடுக்கும் பாரத்தை நாணயத்தின் தலையில் இறக்கி வைக்கிறார். அவர் ஜெயிக்கிறார், அவள் தங்குகிறாள். கடைசியில் பிரியும்போது அந்த நாணயத்தை அவளிடம் கொடுக்கிறார். அவள் அதைத் திருப்பிப் பார்க்கிறாள். பூவா தலையா போட்ட காசில் பூவே இல்லை.